கொழுந்துப் புத்தகம் யார் பெயரில்?

தோட்டங்களில் நாட்சம்பளம் கொடுக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்று பெருந்தோட்டக் கம்பனிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பையும் பறிப்பையும் அவர்களிடமே விட்டு, கொழுந்தின் எடைக்கோ வருமானத்தின் பங்குக்கோ காசு கொடுப்பதுதான் அவர்கள் முன்வைக்கும் மாற்று. சில தோட்டங்களில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. சம்பளப் பேச்சு முறியும் ஒவ்வொரு தடவையும் இந்த யோசனை முன்னைவிட உரத்துக் கேட்கிறது. கிலோவுக்கு எவ்வளவு, உரம் யார் செலவு, காணி உரிமை உண்டா இல்லையா என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. அவையெல்லாம் தேவையான விவாதங்களே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. குடும்பத்துக்குக் கொடுக்கும் செடிகள் குடும்பத்தில் யார் பெயரில் எழுதப்படும்? பறித்த எடையை எழுதும் கொழுந்துப் புத்தகம் யார் பெயரில் திறக்கப்படும்?

இதற்கு இப்போதே விடை எழுதி வைக்காவிட்டால், மலையகப் பெண் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெற்ற சம சம்பளம், யாரும் பறித்ததாகவே தெரியாமல், அவள் கையை விட்டுப் போய்விடும். தன் பெயரில் சம்பளம் வாங்கும் தொழிலாளி, கணவன் பெயரில் உள்ள செடியில் கொழுந்து கிள்ளிக் கொடுக்கும் வீட்டுத் துணையாள் ஆகிவிடுவாள். மலை அதே மலைதான், கூடையும் அதே கூடைதான். பெயர் மாறினால் காசு போகும் கை மாறும். கை மாறினால் வீட்டில் யார் சொல் செல்லும் என்பதும் மாறும். ஒரு தலைமுறை கழிந்ததும் அதையே எங்கள் வழக்கம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். எங்களை அதிகம் அச்சுறுத்துவது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

கண்டி மாவட்டத்து மடவளையில் இருந்துகொண்டு தோட்டத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வத்தேகம தாண்டிப் பன்வில ஏறினால் தேயிலைதான். அந்தப் பாதையோரத்துக் கடைத்தெருக்கள் வளர்ந்ததில் தோட்டத்துச் சம்பள நாளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. தோட்டத்தில் நடப்பதன் மறுபக்கம் எங்கள் ஊர் வீடுகளுக்குள்ளேயே நடக்கிறது. அதைப் பின்னால் சொல்வோம்.

வேலைப் பங்கீடு எப்படி வழக்கமாக இறுகுகிறது என்பதைப் பார்க்க இந்த மலைகளைவிடத் தெளிவான இடம் கிடையாது. 1820களில் கம்பளைப் பக்கத்திலும் கன்னொறுவையிலும் கோப்பி போட்டார்கள். கோப்பிக்கு ஆள் அதிகம் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அந்தக் காலத்தில் மலையில் பறிப்பு என்பது ஆண்களின் வேலை. பறிப்பதற்கென்றே பிறந்தது பெண்ணின் விரல் என்று அன்று ஒரு துரையும் சொல்லியிருக்க முடியாது. சொல்வதற்கு அங்கே பெண்கள் மிகச் சொற்பம்.

1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பியில் இலைநோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை, ஆண்டு முழுவதும், துளிரைக் கிள்ளியாக வேண்டும். வந்து போகும் ஆளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால்தான் குடும்பங்களாகக் கூட்டி வந்து லயம் கட்டி இருத்தினார்கள். குடும்பம் வந்தபோது பெண்ணின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஆள் அதிகம் வேண்டிய பறிப்பு, குறைந்த கூலிக்காரரின் தலையில் விழுந்தது. கவ்வாத்து, கான் வெட்டுதல், இஸ்டோர் வேலை ஆகியவை ஆணுக்குப் போயின. கூலியைக் குறைக்கக் கம்பனி போட்ட கணக்கு அது. அந்தக் கணக்குக்குப் பெண்ணின் மென்மையான விரல் என்று பிறகு ஒரு காரணம் சொல்லப்பட்டது. காலப்போக்கில் அந்தக் காரணத்தையே நாமும் நம்பத் தொடங்கினோம்.

அந்தக் காரணம் பொய் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுதோட்டங்களில் ஆண்களும் கொழுந்து பறிக்கிறார்கள். நம் பக்கத்திலும் ஆள் குறைந்த தோட்டங்களில் ஆண்கள் மலைக்கு ஏறுகிறார்கள். கொழுந்து வெட்ட மெஷின் வந்துவிட்டால் அதை ஆணிடம் கொடுக்கிறார்கள். அப்போது விரலின் மென்மை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதிலும் குறைவாக ஒன்று, பிள்ளைக்கு இன்னும் குறைவாக ஒன்று என்று மூன்று விலை வைக்க இடம் கொடுத்தது. தொழிலாளருக்குப் பாதுகாப்பாக வந்த சட்டமே பெண்ணின் நாளுக்கு விலை குறைவு என்று எழுதி வைத்தது. அந்த வித்தியாசம் தோட்டங்களில் நீங்க 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. அதற்கு முன் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, மலையில் அதிக நேரம் நிற்பவளுக்குக் குறைந்த சம்பளம் என்பதைப் பார்த்துப் பார்த்தே நாலைந்து தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆண்தான் சம்பாதிக்கிறவன், பெண் சம்பாதிப்பது கைச்செலவுக்கு என்ற நினைப்பை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சம்பளச் சீட்டு சொல்லிக் கொடுத்தது.

அந்தச் சீட்டும் பல வீடுகளில் அவள் கைக்கு வரவில்லை. பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ அண்ணனோ போய் வாங்கிக்கொள்வது நெடுங்காலம் தோட்டத்து வழமையாக இருந்தது. நிர்வாகமும் அதற்கு ஒத்துழைத்தது. வரிசையில் நின்று சம்பளம் வாங்க அவளுக்கு நேரம் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நேரம் ஏன் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். கொந்தரப்பு (அளவு குறித்த) வேலைக்குப் போகும் ஆண் மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். கொழுந்துக்காரி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கு கட்டி மலைக்கு ஏறுகிறாள். மத்தியானம் நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறி, அந்தி நிறுவை முடிந்து லயத்துக்கு வந்தால் தண்ணீரும் விறகும் அடுப்பும் காத்திருக்கும். சம்பளம் சமமான பின்னும் நாள் சமமாகவில்லை. ஒரே நாட்சம்பளத்துக்கு அவள் கொடுக்கும் மணித்தியாலங்கள் இன்றும் அதிகம்.

நிறுவை என்றால் அங்கேயும் ஒரு பங்கீடு இருக்கிறது. நாம் சொல்ல வந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொழுந்து பறிப்பவள் பெண். தராசைப் பிடிப்பவர், புத்தகத்தில் எழுதுபவர், முழுநாளுக்குப் பேர் போடுவதா அரைநாளுக்கு அரைப்பேர் போடுவதா என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஆண்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று மேலே போகப் போக இன்னும் அதிகம். தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோக்கள் கழிக்கப்படும்போது எதிர்த்துக் கேட்கும் குரல் பெண்ணுடையதாகவும் பதில் சொல்லும் அதிகாரம் ஆணுடையதாகவும் இருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய எடையைக் கூட்டிவிட்டார்கள் என்று தொழிலாளர் முறையிட்டார்கள். அதே ஆண்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததில் செடியில் கொழுந்தே குறைந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அரைப்பேர் வாங்கியவள் கொழுந்துக்காரி.

தொழிற்சங்கத்தைப் பற்றியும் இந்த இடத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள். சங்கங்களை நடத்தும் சந்தாவில் பெரும் பங்கு அவர்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவது. மேடையில் அமர்வது யார்? 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிப் பேசித் தொழிலாளரைத் திரட்டினார். அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு, மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைய 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டி வந்தது. அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்றபோது மகிழ்ந்தோம். அத்தனை ஆண்டுகள் எங்கே போயின என்ற கோபமும் கூடவே வந்தது.

வேலைப் பங்கீடு வழக்கமாக இறுகுவதை உலகத்தில் ஆராய்ந்தவர்கள் உண்டு. டென்மார்க்கின் பொருளியலாளர் எஸ்டர் போசெரப் 1970இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மண்வெட்டியாலும் கொத்தாலும் சேனைப் பயிர் செய்த சமூகங்களில் பெண்கள் வயலில் நின்றார்கள், கலப்பை வந்த இடங்களில் வயல் ஆணுடையதாகிப் பெண் வீட்டோடு நின்றாள் என்பது அவர் கருத்து. 2013இல் அலெசினா, ஜூலியானோ, நன் என்ற மூவர் உலகெங்குமுள்ள தரவுகளை வைத்து அதைப் பரிசோதித்தார்கள். முன்னோர் கலப்பை பிடித்த சமூகங்களில் இன்றும் பெண்கள் வேலைக்குப் போவது குறைவு என்று கண்டார்கள். அந்தச் சமூகங்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடமும் அதே மனப்பாங்கு தொடர்கிறது என்பதுதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி. அவர்கள் கலப்பையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். கருவி போன பிறகும் கருவி போட்ட ஒழுங்கு வீட்டுக்குள் இருந்துவிடுகிறது.

ஆனால் எங்கள் மலைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சீனத்துத் தேயிலையைப் பற்றியது. நான்சி சியன் என்ற பொருளியலாளர் 2008இல் வெளியிட்டது. 1979க்குப் பின் சீனாவில் வந்த பொருளாதாரச் சீர்திருத்தத்தால் தேயிலைக்கு விலை ஏறியது. அங்கும் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தேயிலை விளையும் மாவட்டங்களில் பெண்களின் வருமானம் கூடியபோது, பிறந்து பிழைத்த பெண் குழந்தைகளின் பங்கு மற்ற இடங்களைவிடக் கூடியது. பெண்ணின் வருமானம் கூடிய இடத்தில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரின் படிப்பும் கூடியது. மாறாக, ஆண்களின் கை ஓங்கியிருந்த பழத்தோட்டப் பகுதிகளில் விலை ஏறியபோது பெண் குழந்தைகளுக்கு அந்த நன்மை வரவில்லை.

அதே இலை, அதே பெண் விரல். அங்கே பெண் பிள்ளையின் மதிப்பு ஏறியது. இங்கே 150 ஆண்டுகளாக ஏற்றுமதிக் கணக்கைப் பெண்ணின் கை தாங்கியும் லயத்துக்குள் அவள் மதிப்பு ஏன் ஏறவில்லை? யார் வேலை செய்தார் என்பதைவிட, அந்த வேலையின் காசு யார் கணக்கில் விழுந்தது, யார் எடை பார்த்தார், யார் எழுதினார் என்பதே வழக்கத்தை உண்டாக்குகிறது என்று நாம் கருதுகிறோம். பெண்ணை வேலைக்கு அனுப்பினால் அவள் விடுதலை ஆகிவிடுவாள் என்பவர்களுக்கு எங்கள் மலை நல்ல பாடம். உழைப்பைப் பெண்ணுக்கும் புத்தகத்தை ஆணுக்கும் கொடுத்த பங்கீடு, பெண்ணை வேலைக்கு அனுப்பியபடியே அவளைக் கீழே வைத்திருக்கும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். கண்டி இராச்சியத்தில் எங்கள் முன்னோரான முஸ்லிம்கள் தவளம் ஓட்டினார்கள். பொதிமாட்டில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. மடிகே பத்த என்ற பெயரில் அரசனின் போக்குவரத்துப் பிரிவாகவே அது இயங்கியது. ஆண்கள் வாரக்கணக்கில் பாதையில் இருந்தபோது தோட்டத்தையும் களஞ்சியத்தையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் யார் பார்த்திருப்பார்? உம்மாமார்தான் பார்த்திருக்க வேண்டும். பிறகு தெரு வந்தது, 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, தவளம் மறைந்தது. பொதிமாட்டுக்காரர் கடைக்காரர் ஆனார். கடை பஸாரில், வீடு உள்ளே. கல்லாப்பெட்டி வெளியே போனதும் பெண்ணுக்குக் கணக்கில் பங்கில்லாமல் போயிற்று. இன்று பெண் வியாபாரத்துக்கு வருவதை மார்க்கம் விரும்பவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். கதீஜா நாயகி (ரலி) வணிகர். சிரியாவுக்குப் போகும் கூட்டத்தோடு தம் சரக்கை அனுப்ப அவர்கள் ஆள் அமர்த்தினார்கள், அமர்த்தப்பட்டவர் நபிகள் நாயகம் (ஸல்). பெண்ணின் சம்பாத்தியமும் மஹரும் அவளுக்கே உரியவை என்பது மார்க்கச் சட்டத்தின் அரிச்சுவடி. ரயில் காலத்துக் கடைத்தெரு போட்ட ஒழுங்கை மார்க்கத்தின் தலையில் ஏற்றிவைப்பது மார்க்கத்துக்கும் நியாயமில்லை.

மடவளையில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தையல், மணப்பெண் அலங்காரம், பிரத்தியேக வகுப்பு, ரோல்ஸ், பெட்டிஸ், வட்டிலப்பம் என்று வீட்டுக்கு வீடு ஒரு தொழில் நடக்கிறது. ஓடர் தொலைபேசியில் வருகிறது. காசு பெரும்பாலும் வீட்டுச் செலவிலும் பிள்ளைகளின் படிப்பிலும் கரைகிறது. கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தர் என்ன தொழில் என்று கேட்டால், ஒன்றுமில்லை, வீட்டில்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். பதிவு இல்லை, தனி வங்கிக் கணக்கு இல்லை. ஆகவே கடனும் இல்லை. தோட்டத்துப் பெண்ணின் உழைப்பு எழுதப்படுகிறது, அதை எழுதுவது வேறொருவர். எங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்பு எழுதப்படுவதே இல்லை.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார், பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று பாடுபட்டார். அவர் விரும்பியது நடந்துவிட்டது. இன்று இந்த நாட்டின் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் போகிறார்கள். ஆனால் வேலை செய்யும் வயதுப் பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு அளவுதான், பல பத்தாண்டுகளாக அந்த எண் பெரிதாக அசையவில்லை. படிப்பு அசைத்த இடத்தை வழக்கம் பிடித்து வைத்திருக்கிறது. சட்டமும் வழக்கத்துக்குக் கை கொடுத்தது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பெண்ணின் இரவு வேலைக்கு வரம்பு போட்டது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில்தான் அது தளர்ந்தது. தகப்பனிடம் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை, காதியாராக ஆண் மட்டுமே இருக்கலாம் என்றது. அதைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. தன் திருமணப் பதிவில்கூடப் பெண் கையெழுத்திடத் தேவையில்லை என்று எண்ணிப் பழகிய ஊர், காணிப் பத்திரத்திலும் கொழுந்துப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லாததைக் கவனிக்கப் போவதில்லை.

காணி என்றதும் மகாவலித் திட்டம் ஞாபகம் வருகிறது. வருங்காலத் தோட்டத்துக்கு எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது. விக்டோரியா அணைக்காகத் தும்பறைப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீருக்குள் போனது, பழைய தெல்தெனிய நகரமும் போனது. 1980களின் நடுப்பகுதியில் அணை வேலை செய்யத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புதிய குடியேற்றங்களில் இருந்தன. அந்த மக்கள் பழைய கண்டி வழமையில் வாழ்ந்தவர்கள். பின்ன விவாகத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். மனைவியின் காணி மனைவியுடையதாகவே இருந்தது. குடியேற்றத்தில் கிடைத்தது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக்காணியும், அதுவும் ஒரு பெயருக்கு. அந்தப் பெயர் வழக்கமாகக் குடும்பத் தலைவன் என்று எழுதப்பட்ட ஆணுடையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி வாரிசு வரிசையில் ஆண் பிள்ளைகளே முன்னே நின்றார்கள், அது திருத்தப்பட்டது 2022இல். பெண்கள் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள். காணிப் பத்திரத்தில் மட்டும் அவர்கள் பெயர் இல்லை. தாய்வழிக் காணி இருந்த பெண்ணின் மகள், ஒரே தலைமுறையில், காணி ஆணுக்குரியது என்று நம்பி வளர்ந்தாள். வழக்கம் மாற நூற்றாண்டு வேண்டும் என்பதில்லை. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

அதே கட்டம் இப்போது தேயிலைக்கு வருகிறது. செடிகளைக் குடும்பத்துக்குப் பிரிக்கும்போது, குடும்பத் தலைவர் என்று ஒரு கோடு போட்டு ஒரு பெயருக்கு இடம் விட்டால் அங்கே யார் பெயர் விழும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றைய நாட்சம்பளம் குறைவுதான். ஆனால் அதோடு சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு நூற்றுக்கு 8, நிர்வாகத்தின் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 அவள் பெயரில் போகிறது. பிரசவ சகாயம் அவளுக்கு உண்டு. சுகவீன விடுமுறை, வேலையில் காயம் பட்டால் நட்டஈடு என்று கேட்கவும் இடம் உண்டு. தொழிலாளி என்ற பெயர் போனால் இவை எல்லாமே போகும். கணவன் குடித்தாலும், விட்டுப் போனாலும், இறந்தாலும், நாட்சம்பளக்காரி மறுநாள் பிரட்டுக்குப் போய் நிற்கலாம். கணவன் பெயரில் உள்ள செடிக்காரி என்ன செய்வாள்? அவன் விட்டுப் போனால் செடி யாருக்கு என்று கேட்க, அவள் யாரிடம் போவாள்?

கொழுந்து அதிகம் கிடைக்கும் மாதங்களில் பிள்ளைகளையும் மலைக்கு இழுக்கும் ஆபத்தும் உண்டு. நாட்சம்பளத்தில் பிள்ளைக்குப் பேர் போட முடியாது. குடும்பக் கணக்கில் எவர் பறித்தாலும் எடைதான். பாடசாலையிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது மகள்தான் என்பதை நாங்கள் ஊகமாகச் சொல்லவில்லை. தாய் வெளிநாடு போன வீடுகளில் தம்பி தங்கையைப் பார்க்க மூத்த மகள் படிப்பை விடுவதைக் கண்டி மாவட்டத்து ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

சில கம்பனிகளின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். வருமானப் பகிர்வில் நேரம் தொழிலாளியின் கையில் இருக்கும். தாய் தன் வசதிக்கு மலைக்குப் போகலாம், கங்காணியின் ஏச்சு இல்லை. உண்மைதான், அது பெரிய விஷயமும்தான். புத்தகம் அவள் பெயரில் இருந்தால் சிறுதோட்ட உடைமையாளராக அவள் நிமிரவும் கூடும், சீனத்தில் நடந்தது இங்கும் நடக்கலாம். அதனால்தான் இந்த முறையை அடியோடு எதிர்க்க நாம் வரவில்லை. எந்தப் பக்கம் சாயும் என்பது படிவத்தின் முதல் கோட்டில் இருக்கிறது. அந்தப் படிவம் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை உடனே செய்யக்கூடியவை. செடி பிரிக்கும் எந்தத் தோட்டத்திலும் பறிப்பவர் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் சம உரிமையாகப் புத்தகம் திறக்க வேண்டும், கொழுந்துக் காசு அவளுடைய வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும். செடி பெற்ற பின்னும் சேமலாப நிதியும் பிரசவ சகாயமும் தொடர வேண்டும் என்று தொழில் அமைச்சு சட்டமாகவே சொல்ல வேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கவும் புத்தகம் எழுதவும் பெண்கள் வேண்டும். எடையைச் சரிபார்க்கப் பறிப்பவர்கள் தெரிவு செய்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தோட்டங்களில் கொடுக்கப்படும் வீட்டுக்கும் காணிக்கும் உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலும் வேலை இருக்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அவர்கள் பெயரில் கணக்குத் திறக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகச் சங்கமும் துணை நிற்கலாம். கடையில் பங்கு பிரிக்கும்போது வாப்பாமார் மகள்மாரையும் பங்காளியாக எழுதலாம், கணக்குப் படித்த மகள் வீட்டில் இருக்கையில் வெளியாளைக் கணக்குக்கு வைக்க வேண்டிய தேவை என்ன? பாடசாலைகள் மனைப் பொருளியலை ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். மர்சூப் குழுவின் அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்து, மணமகளின் கையெழுத்தையாவது கட்டாயமாக்கும்படி எங்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.

அடுத்த கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ வருவதற்கு முன் தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் பெண்களைத் தனியாகக் கூட்டி, செடி யார் பெயரில் என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் வாயால் பதில் வாங்கட்டும். அந்தப் பதிலை ஒப்பந்தத்தின் முதல் பிரிவாக எழுதட்டும். அது இல்லாத ஒப்பந்தம் எதிலும், கொழுந்துக்காரியின் சந்தாவில் நடக்கும் எந்தச் சங்கமும் கையெழுத்திடக் கூடாது.